ஜெபாவின் ரயில் நோட்டுகள்

பட்டாபிராம் ஜெபா ஒன்பது வருஷமாக, வேலைக்குப் போகிற ரயிலில் உட்கார்ந்தே, இயேசுவின் சீடரான அப்போஸ்தலருக்குப் பின்வந்த சபை ஆயர்களின் கடிதங்களைத் தமிழாக்கினாள். அன்றன்று நிறுத்திய இடத்தில், இறங்கும் முன் வந்த ஸ்டேஷன் பெயரை நோட்டிலேயே குறித்துவைப்பாள். திருத்தித் தருகிறேன் என்று நோட்டுகளை வாங்கிப்போன பாஸ்டர் ஜஸ்டின், தன் பெயரில் புத்தகமே போட்டுவிட்டார். முன்னுரையில் அவள் பெயர் மருந்துக்கும் இல்லை.

“இன்னா சிஸ்டர், எல்லாம் கர்த்தரோட மகிமைக்குத்தானே?” என்றார்.

“யாரு சொல்லிக் கேட்டோம்னு அந்த ஆயருங்க பேரோட எழுதிவெச்சதாலதான் அவங்கள இன்னிக்கும் நம்புறோம், பாஸ்டர். நீங்க திருடினதைப் படிச்சாவது பார்த்திருக்கலாம்.”

புத்தகத்தை விரித்து நீட்டினாள். சிங்கத்துக்கு இரையாக ரோமாபுரிக்குப் போன ஆயரின் கடிதத்துக்கு நடுவே அச்சாகியிருந்தது: வில்லிவாக்கம்.