வால் அடங்கட்டும்

அமல்ராஜின் நம்பரிலிருந்து போன் வந்தபோது நான் எடுத்தவுடன் கேட்டது இதுதான்: "வேவ்ல எடுத்தாச்சா, இல்ல இன்னைக்கும் எம்பி3தானா?" பேசியது அவருடைய மனைவி ரீத்தா. "அக்கா, நான் ரீத்தா. அவுக போய்ட்டாக. காலைல நெஞ்சு வலிக்குதுன்னாக. ஆட்டோ வர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு." நான் "சரி" என்றேன். அதற்கு ஏன் சரி என்று சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. கம்ப்யூட்டரில் ஒரு ஃபைல் எக்ஸ்போர்ட் ஆகிக்கொண்டிருந்தது. அது முடியும்வரை உட்கார்ந்து பார்த்தேன். பெயர் சரியாக இருக்கிறதா என்று சோதித்தேன். அதன் பிறகுதான் செருப்பை மாட்டிக்கொண்டு தங்கச்சிமடத்துக்கு பஸ் ஏறினேன்.

எங்களிடம் தாளம் வாங்குகிற உங்களில் அவரோடு பழகியவர்கள் பலர் இருக்கிறீர்கள். அவரைப் பார்க்காமலே அவர் கையை மட்டும் கேட்டவர்கள் இன்னும் அதிகம். ராமநாதபுரத்தில் ஒரு செல்போன் கடைக்கு மேலே உள்ள அறையில் நாங்கள் இருவரும் பன்னிரண்டு வருஷம் லூப் செய்தோம். நாலு ஆவர்த்தமோ எட்டு ஆவர்த்தமோ, எங்கள் பேச்சில் பார், அடித்த தாளத்தைத் தலையும் வாலும் ஒட்டும்படி வெட்டிக் கொடுப்போம். இசையமைப்பவர்கள் அதைச் சுற்றவிட்டு, மேலே பாட்டைக் கட்டிக்கொள்வார்கள். அடிப்பவர் அவர். வெட்டுகிறவள் நான். அதற்குமுன் கமுதியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்ததால், கடைசிவரை நான் அவருக்கு டீச்சரம்மாதான்.

அமல் மீனவர் வீட்டுப் பிள்ளை. ஆனால் படகில் ஏறினால் வாந்தி எடுப்பார். "எங்கய்யா ரெண்டு தடவ கூட்டிட்டுப் போனாரு. மூணாவது தடவ, நீ கரையிலயே தட்டிக்கிட்டு கெடன்னுட்டாரு" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அப்படித்தான் கோயில் பேண்டில் டிரம் அடிக்கப் போனார். திருவிழாவில் சப்பரத்தைத் தோளில் தூக்கி வருகிறவர்கள் அவருடைய அடிக்குத்தான் கால் வைப்பார்கள். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

முதன்முதலில் நாங்கள் அனுப்பிய லூப்களை நான் எம்பி3யில்தான் கொடுத்தேன். அன்று எங்கள் இன்டர்நெட் இருந்த லட்சணத்துக்கு, ஒலியைச் சுருக்காத வேவ் ஃபைல் ஒன்று ஏறுவதற்குள் சோறு வடித்துவிடலாம். சுருக்கிய எம்பி3 அதில் பத்தில் ஒரு பங்கு. கேட்டால் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் சுற்றவிட்டபோது அமல் எழுந்து அறைக்குள் நடக்க ஆரம்பித்தார். நாலு பார் நடப்பார், நிற்பார், மறுபடி நடப்பார். "டீச்சரம்மா, இது நொண்டுது. தூக்கிட்டு வாரவன் இடறிருவான்" என்றார். நான் சண்டை போட்டேன். அப்புறம் அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எம்பி3 ஆக்கும்போது ஃபைலின் முன்னும் பின்னும் மயிரிழை அளவு மௌனம் தானாக ஒட்டிக்கொள்கிறது. ஒரு தடவை கேட்டால் தெரியாது. சுற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் அங்கே ஒரு தடுக்கல். அவர் காலால் கண்டுபிடித்ததை நான் கண்ணால் பார்க்க ஒரு மதியம் ஆயிற்று.

அன்றிலிருந்து நான்தான் பெரிய கறார்க்காரி ஆனேன். வேவ் தவிர எதுவும் வாசலைத் தாண்டக்கூடாது. எம்பி3யை அப்புறம் வேவாக மாற்றிக்கொள்ளலாமே என்று யாராவது கேட்டால், பெட்டிதான் பெரிதாகும், சுருக்கும்போது தொலைந்தது திரும்பாது என்று வகுப்பெடுப்பேன். அமல் பின்னால் நின்று கையைக் கட்டிக்கொண்டு, நல்ல மாணவன்போலத் தலையாட்டுவார்.

ஒன்றில் மட்டும் அவரை என்னால் வழிக்குக் கொண்டுவர முடியவில்லை. வாங்குகிறவர்கள் இன்னொரு வகை ஃபைலையும் கேட்டார்கள். அதில் ஒவ்வொரு அடியும் தனித்தனித் துண்டாக இருக்கும். பாட்டின் வேகத்தை மாற்றினால் துண்டுகள் தானே விலகி, தானே நெருங்கி, கட்டத்துக்குள் போய் உட்காரும். செய்து காட்டினேன். அமல் முழுதாகக் கேட்டார். "என் மூணாவது அடி கொஞ்சம் பிந்தித்தான் வரும். தூக்குறவன் தோள் மாத்துற எடம் அது. இது அதப் புடிச்சு வரிசைல நிறுத்துது. வேணாம்" என்றார். எத்தனையோ பேர் கேட்டும் அந்த வகையில் நாங்கள் கொடுக்கவில்லை. அந்தப் பிந்திய அடிக்காகத்தான் நீங்கள் எங்களைத் தேடி வந்தீர்கள் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

ஒவ்வொரு தடவை அடித்து முடித்ததும் அவர் கையைத் தோலில் வைத்து அமுக்க மாட்டார். சத்தம் தானாக அடங்கும்வரை காத்திருப்பார். நான் அவசரப்பட்டு மவுஸை நகர்த்தினால், "இருங்க, வால் அடங்கட்டும்" என்பார். அடங்கியதும், "சரி, வெட்டிக்கங்க டீச்சரம்மா" என்பார். மைக் ஓடிக்கொண்டேயிருக்கும், அதுவும் பதிவாகும். நான் வாலை வெட்டுவேன். லூப் அடியில் தொடங்கி அடியில் முடியவேண்டும், மிச்சம் இருந்தால் இடிக்கும். வெட்டிய துண்டுகளை வைத்துக்கொள்ள இடம் ஏது? மாதம் ஒருமுறை துடைத்துவிடுவேன். வேலையில் சுத்தம் என்று எனக்குப் பெயர்.

அடக்கம் முடிந்து ஒரு வாரம் இருக்கும். ரீத்தா ராமநாதபுரத்துக்கு வந்தார். அந்த அறைக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. அமல் உட்காரும் ஸ்டூலில் உட்காராமல் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "அக்கா, அவுக பேசுனது ஏதாச்சும் இருக்கா? போன்ல பேசிப் பதியவே மாட்டாக. கல்யாண வீடியோல பூரா வீடியோக்காரன் பாட்டப் போட்டு வச்சிருக்கான். ஒங்கட்டதான் எல்லாம் பதிஞ்சிருக்கும்னு வந்தேன்."

இருக்கும் என்றேன். எப்படி இல்லாமல் போகும்? பன்னிரண்டு வருஷம் ஒரு மனிதரை மைக் முன்னால் உட்கார வைத்திருக்கிறேன். ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்தேன். எல்லாம் வேவ். எல்லாம் அடியில் தொடங்கி அடியில் முடிந்தன. அவருடைய கை இருந்தது, பிந்திய மூன்றாவது அடி இருந்தது. ஒரு சொல் இல்லை. ஒவ்வொரு ஃபைலின் கடைசியிலும் அவர் பேசியிருக்கிறார். ஒவ்வொன்றிலும் நான் அவரை வெட்டியிருக்கிறேன். ரீத்தா தரையிலிருந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வரவில்லை. திறந்த ஃபோல்டர்களையே மறுபடி திறந்தேன்.

அப்போதுதான் அந்த எம்பி3 நினைவுக்கு வந்தது. இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு அமல் வாலிநோக்கம் போயிருந்தார். உப்பளத்தில் பலகையால் உப்பு வாரும் சத்தம் பிடித்துப்போய், தன் போனிலேயே பதிந்து எனக்கு அனுப்பியிருந்தார். நான் முதல் சில நொடிகள் கேட்டேன். காற்றிரைச்சல், அதுவும் எம்பி3. "இது எதுக்கும் ஆகாது. வேவ்ல எடுங்க" என்று எழுதிப் போட்டேன். அவரிடம் நான் கடைசியாகச் சொன்னது அதுதான். நேரில் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்.

இப்போது கடைசிவரை ஓடவிட்டேன். பலகை உப்பில் உரசும் சத்தம் ஒரே சீராக வந்தது. ஓர் இடத்தில் நின்றது. காற்று மட்டும் கொஞ்ச நேரம் அடித்தது. பிறகு அவர்:

"இருங்க, வால் அடங்கட்டும்... சரி, வெட்டிக்கங்க டீச்சரம்மா. காத்து இருக்கு, திட்டாதீக. நாளக்கழிச்சு மைக்கக் கொண்டாந்து வேவ்ல எடுத்துத் தாரேன்."

அவர் சொன்ன அந்த நாளில்தான் ரீத்தா எனக்குப் போன் செய்தது.

ரீத்தா சேலை முந்தியால் வாயை மூடிக்கொண்டார். கொஞ்சம் கழித்து, "இன்னொருக்க போடுங்க" என்றார். அப்புறம் இன்னொருக்க. நான் சுற்றும்படி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றேன். பலகை, காற்று, அவர், பிறகு அந்த மயிரிழைத் தடுக்கல், மறுபடி பலகை. ரீத்தாவுக்கு அது கேட்டிருக்காது. எனக்கு ஒவ்வொரு சுற்றிலும் கேட்டது.

அந்த ஃபைலை ரீத்தாவின் போனில் ஏற்றிக் கொடுத்தேன். என்னிடமும் ஒன்று வைத்திருக்கிறேன். காற்றைக் குறைக்கவில்லை, பெயரை மாற்றவில்லை, வேவும் ஆக்கவில்லை. அமலிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அது ஒன்றுதான். தினமும் காலையில் வேலை தொடங்குமுன் ஒரு தடவை கேட்கிறேன். வெட்டிக்கங்க என்கிறார். கை மவுஸ்மேல் இருக்கிறது. நான் வெட்டவில்லை.