குளிரில் உருகும் ஐஸ்

ஃப்ரிட்ஜ் மெக்கானிக்குக்கு ஐம்பத்திரண்டு வயது வரை ஃப்ரிட்ஜைத் தவிர வேறு எதிலும் பெரிய அக்கறை இருந்ததில்லை. ஆனால் ஃப்ரிட்ஜ் விஷயத்தில் ஆள் கெட்டிக்காரர். கதவைத் திறந்து ஒரு நிமிடம் பார்த்தாரானால் அந்த வீட்டின் வண்டவாளம் முழுக்கத் தெரிந்துவிடும். மேல்தட்டில் இரண்டு பால் பாக்கெட், இரண்டிலும் தனித்தனியாகப் பெயர் எழுதியிருந்தால், அங்கே அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்று அர்த்தம். வீட்டுக்கு வந்து மனைவியிடம் இதையெல்லாம் ஒன்று விடாமல் ஒப்பிப்பார். மருந்துக்கடையில் காசாளராக இருந்த அந்த அம்மாளோ யார் யார் என்னென்ன மாத்திரை வாங்கினார்கள் என்று சொல்லமாட்டார். அது தொழில் தர்மம் என்பார். மெக்கானிக்குக்கு அப்படிப்பட்ட தர்மமெல்லாம் கிடையாது.

இப்படிப்பட்டவருக்கு ஒருநாள் ஒரு பல் டாக்டரிடமிருந்து போன் வந்தது.

"ஃப்ரிட்ஜ் நல்லாத்தான் குளிருது அண்ணே. ஆனா அது என் ரேடியோவுல கேக்குது."

அந்த டாக்டரம்மாவுக்கு ஏதோ மறை கழன்றுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார். போய்ப் பார்த்தால் மொட்டை மாடியில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே நீளமாக ஒரு கம்பி. துணி காயப்போடும் கொடியோ என்றால் ஒரு துணியையும் காணோம். கீழே சாப்பாட்டு மேஜையில் முகம் நிறையக் குமிழ்களோடு ஒரு ரேடியோ. ஃப்ரிட்ஜின் மோட்டார் கிளம்பும்போதும் நிற்கும்போதும் அதில் கரகரவென்று ஒரு சத்தம் வந்து எல்லாவற்றையும் மூடியது. மெக்கானிக் காதை ஃப்ரிட்ஜில் வைத்துக்கொண்டார்; டாக்டர் காதை ரேடியோவில் வைத்துக்கொண்டார். அரை மணி நேரம் இந்தக் கூத்து நடந்தது. கடைசியில் குட்டு வெளிப்பட்டது. குளிரின் அளவைப் பார்த்து மோட்டாரை ஓட்டி நிறுத்தும் தெர்மோஸ்டாட்டுக்குள் தேய்ந்துபோன முனைகள் தொட்டுத்தொட்டு விலகியபோது பொறி தெறித்துக்கொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பொறியைத்தான் ரேடியோ பிடித்திருக்கிறது. இருபத்தாறு வருஷ அனுபவத்தில் ஃப்ரிட்ஜ் இப்படி ஊருக்குக் கேட்கும்படி பேசும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

தெர்மோஸ்டாட்டை மாற்றினார். கரகரப்பு நின்றது. நின்ற இடத்திலிருந்து ஒரு ஆணின் குரல் வந்தது. பல கடல் தாண்டி ஏதோ ஒரு தேசம். காலையிலிருந்து வாசலில் விழுந்த பனியை வாரிக் கொட்டிக்கொண்டிருப்பதாகவும் முதுகு போய்விட்டதாகவும் அந்த ஆள் யாரிடமோ அலுத்துக்கொண்டிருந்தார். டாக்டர் அதை மொழிபெயர்த்துச் சொன்னார். இது அமெச்சூர் ரேடியோ, பொழுதுபோக்கு; மாடியில் இருக்கும் நீளக் கம்பிதான் இதன் ஆன்டெனா, கடல் தாண்டிப் பேச அது வேண்டும். அரசாங்கப் பரீட்சை எழுதித் தேறினால் உரிமமும், பெயருக்குப் பதிலாகச் சொல்ல உங்களுக்கென்று ஓர் அழைப்புக்குறியும் கிடைக்கும். அதற்குப் பிறகு நீங்களும் உலகத்தோடு பேசலாம், வியாபாரம் மட்டும் பேசக்கூடாது என்று விளக்கினார்.

மெக்கானிக் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்கலாம். கிளம்பவில்லை. அவ்வளவு பனி கொட்டுகிற ஊரில் ஃப்ரிட்ஜ் வைத்திருப்பார்களா, அது ஒழுங்காக ஓடுமா என்று கேட்டார். டாக்டர் சிரித்துவிட்டார். உரிமம் எடுத்து நீங்களே கேளுங்களேன் என்றார்.

அது சிரிக்கிற கேள்வியே அல்ல. தொழிலுக்கு வந்த புதிதில் படித்த பழைய பழுதுபார்ப்புப் புத்தகம் ஒன்றில் ஒரே ஒரு வரி இருந்தது: அறை மிகவும் குளிர்ந்திருந்தால் ஃப்ரீசரில் இருக்கும் ஐஸ் உருகிவிடக்கூடும். வெயிலில் உருகும், சரி. குளிரில் எப்படி உருகும்? யோசித்து யோசித்துக் காரணத்தை ஒருவாறு கண்டுபிடித்தும் வைத்திருந்தார். தெர்மோஸ்டாட் இருப்பது ஃப்ரிட்ஜுக்குள் பால், காய்கறி வைக்கும் கீழ் அறையில். வெளியிலிருந்தே அந்த அறைக்குப் போதுமான குளிர் வந்துவிட்டால், வேலை முடிந்தது என்று அது மோட்டாரைத் தூங்க விட்டுவிடும். மேலே ஃப்ரீசர் கேட்பாரற்றுக் கிடக்கும். புத்திக்கு எட்டியது. ஆனால் கண்ணால் கண்ட ஒருவரும் இல்லை. அவர் வாழ்ந்த ஊரில் ஸ்வெட்டர் விற்றவன் கடையை மூடிவிட்டுப் போய்விட்டான். இத்தனை வருஷமாக நெஞ்சில் முள்ளாகக் கிடந்த கேள்வியை யாரிடமாவது கேட்டுவிட வேண்டும் என்பதுதான் அவர் ரேடியோவுக்குள் வந்த கதை.

படிப்பு சுலபமாக இல்லை. மின்சாரக் கேள்விகளெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. சட்ட திட்டங்கள்தான் மண்டையைக் குடைந்தன. மனைவி கேள்வித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு, பதில் சொல்லாவிட்டால் தட்டில் சோறு விழாது என்ற தோரணையில் கேட்பார். முதல் தடவை கோட்டை விட்டார். இரண்டாம் தடவை தேறினார். எழுத்தும் எண்ணுமாக அழைப்புக்குறி வந்த அன்று அதைக் கருவிப்பெட்டியின் மூடியில் வெள்ளை பெயின்டால் எழுதிக்கொண்டார். உள்ளங்கை அகலத்தில் ஒரு ரேடியோ செட்டும் வாங்கினார். டாக்டருடையதைப் போல அது கடல் தாண்டாது. ஊரின் தண்ணீர்த் தொட்டி உச்சியில் ரிப்பீட்டர் என்று ஒரு கருவி உண்டு. சின்ன செட்டின் குரலை வாங்கிச் சுற்று வட்டாரம் முழுக்கக் கேட்கும்படி அனுப்பும். யாராவது மூன்று நிமிடத்துக்கு மேல் விடாமல் பேசினால் அது தானாகவே வாயை மூடிக்கொள்ளும்.

தினமும் காலை ஏழரை மணிக்கு அந்த ரிப்பீட்டரில் உள்ளூர் ஆட்கள் கூடுவார்கள். பல் டாக்டர்தான் வரிசையாக ஒவ்வொருவரையும் கூப்பிடுவார். மனைவியை மருந்துக்கடையில் இறக்கிவிடப் போகும் வழியில் மெக்கானிக் வேனில் இதைக் காது கொடுத்துக் கேட்பார். யார் வீட்டுப் பூனை கம்பியை அறுத்தது, யார் புதிதாகக் கம்பம் நட்டார் எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒவ்வொரு தடவையும் இருமிவிட்டே பேசத் தொடங்கும் பெரியவர் ஒருவர் உண்டு. மெக்கானிக் அவருக்கு இருமல்காரர் என்று பெயர் வைத்தார்.

ஆனால் பேசுவது மட்டும் நடக்கவில்லை. முன்பின் தெரியாத வீட்டில் அடுப்படி வரை போய் அரட்டையடிக்கிற மனுஷனுக்கு, முகம் தெரியாத பத்துப் பேர் காத்திருக்கிறார்கள் என்றதும் செட்டைக் கையில் எடுக்கவே மனம் வரவில்லை. புது ஆட்கள் யாராவது உண்டா என்று டாக்டர் கேட்ட ஒரு காலையில் துணிந்து, பேசுவதற்கான பொத்தானை அழுத்தினார். நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. விட்டுவிட்டார். இருமல்காரர் இருமிவிட்டு, யாரோ பொத்தான் வேலை செய்கிறதா என்று பார்க்கிறார், பொத்தான் நன்றாகவே இருக்கிறது என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மெக்கானிக் செட்டை அணைத்துவிட்டார். கேலி பொல்லாதது அல்ல. ஆனாலும் அன்று முழுக்க அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதன் பிறகு ஒத்திகை தொடங்கியது. பழுது பார்க்கக் காலி செய்து வைத்த ஃப்ரிட்ஜுகளுக்குள் தலையை விட்டு அழைப்புக்குறியைச் சொல்லிப் பார்ப்பார். உள்ளே குரல் கணீரென்று எதிரொலிக்கும். கிட்டத்தட்ட ரேடியோவில் பேசுவது போலவே இருக்கும். ஒரு வீட்டில் யாரிடம் பேசுகிறீர்கள் என்று கேட்டுவிட்டார்கள். காஸ் கசிகிறதா என்று பார்க்கிறேன் என்று சமாளித்தார். ஊரில் உள்ள காலி ஃப்ரிட்ஜுகள் அத்தனைக்கும் அவர் அழைப்புக்குறி தெரியும், மனிதர் ஒருவருக்கும் தெரியாது.

மூன்று வாரம் பார்த்தார். வருகிற ஞாயிறு அன்று செட்டை டாக்டரிடமே கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தார்.

வெள்ளிக்கிழமை காலை. செட்டைத் தன் இருக்கைக்கும் கை பிரேக்குக்கும் நடுவே செருகிவிட்டு வண்டியை எடுத்தார். மனைவி சாப்பாட்டுப் பையை நடுவில் வைத்தார். பை மெல்லச் சரிந்து செட்டின் பக்கத்தில் இருந்த பொத்தானை அழுத்தியதை இருவரும் கவனிக்கவில்லை. பொத்தான் அழுந்தியிருக்கும்வரை செட் எதையும் வாங்காது, இங்கே பேசுவதைத்தான் வெளியே அனுப்பும். ரேடியோவில் மூச்சுப் பேச்சு இல்லையே என்று மெக்கானிக் ஒருமுறை நினைத்தார். இன்றைக்கு எல்லோரும் தூங்கிவிட்டார்கள் போல என்று மனைவியிடம் சொல்லவும் செய்தார்.

"நெஜமாவே குடுத்துடப் போறீங்களா?" என்றார் மனைவி.

"வேற என்ன பண்றது? அந்த இருமல்காரர் இருக்காரே, அவர் ஒரு தடவை இருமினா எனக்கு அழைப்புக்குறியே மறந்து போயிடுது. பரீட்சையில கூட இவ்வளவு பயந்ததில்லை."

"அந்த ஐஸ் கேள்வி?"

மெக்கானிக் கியரை மாற்றினார். பிறகு ஐஸ் கதை முழுவதையும், புத்தகத்தின் ஒற்றை வரியிலிருந்து தெர்மோஸ்டாட்டின் தூக்கம் வரை, மனைவிக்கு நூறாவது தடவையாகச் சொன்னார். காலி ஃப்ரிட்ஜுகளிடம் பேசியதையும் சொன்னார். சாகிறதுக்குள்ள அதைக் கண்ணால பார்த்த ஒருத்தர்கிட்டயாவது பேசிடணும்னு நினைச்சேன், அவ்வளவுதான் என்று முடித்தார். மருந்துக்கடை வந்தது. இறங்குவதற்காக மனைவி பையைத் தூக்கினார்.

பொத்தான் விடுபட்டது. செட் உயிர் பெற்றது.

"ரிப்பீட்டரே வாயை மூடிக்கிற வரைக்கும் பேசின நிலையம், அழைப்புக்குறி சொல்லவே இல்லை," என்றார் பல் டாக்டர். குரலில் சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பது தெரிந்தது. "சட்டப்படி சொல்லணும். ஆனா அதுக்கு முன்னாடி ஒருத்தர் அவசரமா பதில் சொல்லணுமாம்."

மெக்கானிக்கின் மானம் கப்பலேறிவிட்டது. செட்டை அணைக்கக் கை போனது. மனைவி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

ரேடியோவில் யாரோ இருமினார்கள்.

"இருமல்காரர் பேசறேன்," என்றது குரல். "அன்னைக்கு உங்களைக் கேலி பண்ணது நான்தான், தப்பா எடுத்துக்காதீங்க ஃப்ரிட்ஜ்காரரே. நான் பனி நாட்டுல மீன் ஃபாக்டரியில ஒன்பது வருஷம் இருந்தவன். எங்க ஷெட்டுல ஒரு ஃப்ரிட்ஜ் இருந்துச்சு. வெளியில கை விறைக்கிற குளிர், உள்ள ஃப்ரீசர்ல ஐஸ் தண்ணியா ஓடும். நானே துடைச்சிருக்கேன். யாருக்கும் காரணம் புரியலை. கடைசியில ஒரு கிழவன் வந்து கீழ் அறைக்குள்ள ஒரு பல்பை எரிய விட்டுட்டுப் போனான். அப்புறம் உருகவே இல்லை."

பல்பு. உள்ளே ஒரு பல்பு எரிந்தால் கீழ் அறை சூடாகும், சூடானால் தெர்மோஸ்டாட் விழித்துக்கொள்ளும், மோட்டார் ஓடும், ஃப்ரீசர் பிழைக்கும். இருபத்தாறு வருஷம் யோசித்தும் தனக்குத் தோன்றாததை யாரோ ஒரு கிழவன் செய்திருக்கிறான். ஆனால் எவ்வளவு பெரிய பல்பு? சூடு கூடினால் கீழே எல்லாம் கெட்டுப்போகுமே. செட் எப்போது கைக்கு வந்தது, பொத்தானை எப்போது அழுத்தினோம் என்பதெல்லாம் மெக்கானிக்குக்குத் தெரியாது.

"எத்தனை வாட் பல்பு?" என்று கேட்டார்.

"பதினஞ்சு," என்று உடனே பதில் வந்தது.

"சரிதான். அதுக்கு மேல போகக்கூடாது," என்றார் மெக்கானிக். அதற்குப் பிறகுதான் தான் பேசிவிட்டோம் என்பதே அவருக்கு உறைத்தது.

இப்போதாவது அழைப்புக்குறி சொல்லுங்கள் அண்ணே என்று டாக்டர் கெஞ்சினார். ஊரின் காலி ஃப்ரிட்ஜுகள் மட்டுமே அதுவரை கேட்டிருந்த எழுத்துகளையும் எண்ணையும் மெக்கானிக் ஒரே மூச்சில், ஒரு தடுமாற்றமும் இல்லாமல் சொல்லி முடித்தார். ஒவ்வொருவராக வந்து வணக்கம் சொன்னார்கள். அவருக்குக் கண் கலங்கியது, துடைத்துக்கொள்ளக்கூட மனமில்லை.

மருந்துக்கடைக்காரர் ஷட்டரைத் தூக்கிவிட்டு வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மனைவி வேன் கதவைப் பிடித்தபடி நின்றார்.

"அப்போ ஞாயித்துக்கிழமை?" என்றார்.

"ஞாயித்துக்கிழமை மாடியில கம்பி கட்டணும்," என்றார் மெக்கானிக். "நீ ஏணியைப் பிடிச்சுக்கோ."