தெர்மாமீட்டரில் ஏறாத வலி

இரண்டாவது உலகச் சண்டை நடந்த காலம். மில் இராப்பகலாக ஓடியது. நூலைச் சிட்டமாகச் சுற்றும் ரீலிங் செக்‌ஷனில் நின்றே வேலை செய்பவள் நான். ஒருநாள் நிற்கவே முடியாமல் மில் டிஸ்பென்சரிக்குப் போனேன். கம்பவுண்டர் என் வாயில் தெர்மாமீட்டரை வைத்து எடுத்துப் பார்த்தார்.

"காய்ச்சல் இல்லையேம்மா. எங்க வீங்கியிருக்கு, காமி."

வீக்கம் எங்கேயும் இல்லை. கழுத்திலிருந்து கால்வரை வலி. சேலைத் தலைப்பு தோளில் பட்டாலே வலித்தது. விடிய விடியத் தூங்கினாலும் அடித்துப் போட்டதுபோல் எழுந்தேன். அவர் மிக்சர் ஊற்றிக் கொடுத்துத் திருப்பி அனுப்பினார். காய்ச்சல் இருந்தால்தான் லீவு. லீவு இல்லாமல் வேலைக்கு வராமல் நின்றால் என் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும். மில் கேட்டில் வேலைக்காக எத்தனையோ பெண்கள் காத்துக் கிடந்தார்கள்.

எங்கள் செக்‌ஷன் மேஸ்திரி சிரித்தார். "நேத்து கழுத்துன்ன, இன்னைக்கி இடுப்புங்குற. நாளைக்கு எதுன்னு இப்பவே சொல்லிப்புட்டுப் போ தாயி."

அவர் கிடக்கிறார். செல்லூரில் கூலித் தறி நெய்த என் வீட்டுக்காரர் சொன்னதுதான் என்னைக் கொன்றது. "குத்துக்கல்லாட்டம்தான இருக்க? ஒனக்கு மனசுல தெம்பில்ல, அம்புட்டுத்தான்." கெட்ட மனிதர் இல்லை. அப்படித்தான் நம்பினார். கேட்டுக் கேட்டு நானே என்னைச் சந்தேகப்பட்டேன்.

யாரும் சொல்லித் தராமல் சிலது கற்றுக்கொண்டேன். இழை அறுந்து மிஷின் நிற்கும்போது காலை மாற்றி நிற்பது. வறுத்த உப்பைத் துணியில் கட்டி ஒற்றடம் கொடுப்பது. முக்கியமாக, உடம்பு கொஞ்சம் லேசாக இருக்கும் நாளில் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்யக் கூடாது. செய்தால் அடுத்த நாலு நாள் எழுந்திருக்க முடியாது. இதெல்லாம் வலியைப் போக்கவில்லை. வேலையை மட்டும் காப்பாற்றியது.

பிறகு ஒரு மழைக்காலத்தில் எனக்கு மலேரியா வந்தது. கம்பவுண்டர் தெர்மாமீட்டரைப் பார்த்துப் பதறிவிட்டார். "அடேயப்பா! இதோடயா நடந்து வந்த?" மேஸ்திரியும், "போயிப் படு தாயி, ஒன் எடம் எங்க போயிரப் போகுது" என்றார். வீட்டுக்காரர் தறியை நிறுத்திவிட்டுக் கஞ்சி வைத்தார். "ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டுக் காலைப் பிடித்துவிட்டார். அதுவரை அவர் அப்படிக் கேட்டதே இல்லை. காய்ச்சல் விடக் கூடாது என்று மீனாட்சியை வேண்டிக்கொண்ட பாவி நான்.

கொய்னா மருந்தில் காய்ச்சல் விட்டது. கம்பவுண்டர் பார்த்துவிட்டு, "சுத்தமாத் தேறிட்ட, நாளைக்கு வேலைக்கு வந்துரு" என்றார். வீட்டுக்காரர் சந்தோஷத்தில் மல்லிகைப்பூ வாங்கி வந்தார். தலையில் வைக்கக் கையைத் தூக்கினேன். தோளுக்கு மேல் போகவில்லை. உட்கார்ந்து அழுதேன்.

"எதுக்குடி அழுகுற? அதான் சரியாப் போச்சே!"

வேலையை விட்டு எத்தனையோ வருஷம் கழித்து, ஒரு டாக்டரம்மா அங்கங்கே விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, இது ஃபைப்ரோமயால்ஜியா என்றார். அடியோடு போகாது, பார்த்துப் பக்குவமாக ஓட்ட வேண்டும், ஆனால் வலி நிஜம் என்றார். வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: பக்கத்தில் நிற்பவள் வலிக்கிறது என்றால் முதலில் நம்புங்கள்.

வாயில் நுழையாத அந்தப் பெயரை வழியெல்லாம் சொல்லிப் பழகிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். அதைக் கேட்க வேண்டிய மனிதர் செத்து வெகுகாலம் ஆகியிருந்தது.