கடலைக் களத்தில் வந்த தூக்கம்

கொரோனா காலம் முடிந்து, பனியன் கம்பெனிகள் பழையபடி ஓட ஆரம்பித்திருந்த சமயம். ஓர் ஆவணி மாத ஞாயிற்றுக்கிழமை, அவிநாசியைத் தாண்டி சேவூர் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் நடந்தது இது.

எங்களுக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி பக்கம். கல்யாணமான கையோடு திருப்பூருக்கு வந்து மண்ணரையில் ஒரு லைன் வீட்டில் குடியேறியவர்கள். கணவர் கட்டிங் மாஸ்டர். எனக்கு செக்கிங் வேலை. தைத்து வரும் பனியன்களில் ஓட்டை, கறை இருக்கிறதா என்று பார்த்துப் பிரிக்க வேண்டும். ஒரே மகள். கணவருக்குக் குடிப்பழக்கம் இருந்தது. குடித்துவிட்டு வந்தால் அடிக்க மாட்டார், திட்ட மாட்டார். ஆனால் எப்போது வருவார், எந்தக் கோலத்தில் வருவார் என்று தெரியாது. வாசல் கேட் திறக்கும் சத்தத்துக்குக் காதைக் கொடுத்தபடியே படுத்திருந்து, அரைத்தூக்கம்தான் என் தூக்கம் என்று ஆகிவிட்டது.

ஒருநாள் கட்டிங் மிஷினைப் பிடிக்கும்போது கை நடுங்கியதாம். கத்தி துணியை விட்டு விரல் பக்கம் வந்திருக்கிறது. அன்றைக்கே பயந்துபோய், "என்னைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ புள்ள" என்று அவராகவே கேட்டார். அரசு மருத்துவமனையில் சேர்த்துக்கொண்டார்கள். நடுக்கம், வியர்வை எல்லாம் அடங்கும்வரை வைத்திருந்து அனுப்பினார்கள். கிளம்பும்போது அங்கிருந்த டாக்டரம்மா ஒன்று சொன்னார். "தூக்கம் மட்டும் கொஞ்ச நாளைக்கு உங்களைப் பாடாப் படுத்தும். வாரக்கணக்கில், சிலருக்கு மாசக்கணக்கில்கூட ஆகும். மூளை பழைய நிலைக்கு வர்றதுக்கு எடுத்துக்கிற நேரம் அது. பயந்துபோய்த் திரும்பக் குடிச்சிராதீங்க. மெடிக்கல்ல நீங்களா தூக்க மாத்திரை வாங்கியும் போட்டுராதீங்க."

கேட்கும்போது இது ஒரு பெரிய விஷயமாகவே எனக்குப் படவில்லை. குடியையே விட்டவருக்குத் தூக்கம் வராதது ஒரு கஷ்டமா என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

படுப்பார், புரளுவார், எழுந்து உட்காருவார். பாய் முழுக்க வியர்வையில் நனைந்திருக்கும். எப்படியோ கொஞ்சம் கண் அயர்ந்தால் குடிப்பது போலவே கனவு வரும். பதறி எழுந்து, "என் வாய மோந்து பாரு புள்ள, நான் குடிச்சிட்டனா?" என்று சின்னப் பிள்ளை மாதிரி அழுவார். இல்லை என்று நான் சொல்லச் சொல்ல நம்ப மாட்டார். ஒருமுறை அவரே சொன்னார்: "ஒரே ஒரு குவார்ட்டர் அடிச்சா இப்பவே தூங்கிருவேன். அதான் எனக்குப் பயமா இருக்கு. கதவப் பூட்டிச் சாவிய நீ வச்சுக்கோ."

சாவியைக் கைக்குள் பொத்திக்கொண்டு படுத்தால் எனக்கு எங்கே தூக்கம் வரும்?

டாக்டரம்மா சொன்னதையெல்லாம் செய்து பார்த்தோம். சாயங்காலத்துக்கு மேல் டீயை நிறுத்தினார். தூக்கம் வராமல் படுத்தே கிடக்கக் கூடாது, எழுந்து ஏதாவது கைவேலை பாருங்கள் என்று சொல்லியிருந்தார். அதனால் பக்கத்து வீட்டு அக்கா கம்பெனியிலிருந்து கொண்டுவரும் பனியன்களை வாங்கிவைத்துக்கொண்டு நூல் பிசிறு வெட்டுவார். எத்தனை மணிக்குக் கண் அயர்ந்தாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுந்து நடந்துவிட்டு வருவார். கம்பெனியில் சூப்பர்வைசரிடம் வெட்கப்படாமல் போய், "சரியாத் தூங்கலண்ணே, இப்ப என்னைய நம்பிக் கத்தியக் குடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு பண்டல் கட்டும் வேலைக்கு மாறிக்கொண்டார். கட்டிங் மாஸ்டராக இருந்தவர் பண்டல் தூக்கினார்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தக் கல்யாணம் வந்தது. என்னோடு செக்கிங்கில் இருக்கும் தோழியின் தங்கைக்குக் கல்யாணம். மகள் பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள். கணவரைக் கூட்டிப்போகவும் பயம், விட்டுவிட்டுப் போகவும் பயம். கடைசியில் இரண்டு பேருமாகவே பஸ் ஏறினோம்.

முகூர்த்தம் முடிந்து பந்திக்குப் போகும்போது அவர் பக்கத்தில்தான் இருந்தார். தோழி என்னை உள்ளே கூப்பிட்டாள். சீர்த்தட்டு எடுத்துவைக்க ஒத்தாசைக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் ஆளைக் காணோம். போன் அடித்தால் எடுக்கவில்லை. மண்டபத்துக்குப் பின்பக்கம் ஒரு வேன் நின்றது. அங்கே அவர் முன்பு வேலை பார்த்த கம்பெனி ஆட்கள் சிலர் பிளாஸ்டிக் டம்ளரும் கையுமாக இருந்தார்கள். கேட்டேன். "இங்கதான் இருந்தாரு, அப்புறம் ரோட்டுப் பக்கம் போனாரு" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் அவரும் குடித்துவிட்டார் என்றே நினைத்துவிட்டேன்.

சாப்பிடாமலே வெளியே வந்து ரோட்டோடு நடந்தேன். நல்ல வெயில். பஸ் ஸ்டாப்பில் இல்லை. பெட்டிக்கடையில் இல்லை. எதிரே சைக்கிளில் வந்த பெரியவர் ஒருவரிடம் அடையாளம் சொல்லிக் கேட்டேன். "வெள்ளச் சட்டைங்களா? அந்தத் தோட்டத்துல ஒருத்தன் குடிச்சுப்போட்டு நெனப்பில்லாமக் கெடக்கறானுங்க" என்று கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

அந்த வரப்பில் நான் எப்படி நடந்தேன் என்று இன்று நினைத்தாலும் ஞாபகம் வரவில்லை. ஆஸ்பத்திரியில் பட்ட பாடு, அவர் அழுத அழுகை, பண்டல் தூக்கியது எல்லாம் வீணாகிவிட்டதே என்று மட்டும் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது.

தோட்டத்துக் களத்தில் பிடுங்கிப்போட்ட நிலக்கடலைச் செடி குவிந்து கிடந்தது. ஏழெட்டுப் பெண்கள் அதைச் சுற்றி உட்கார்ந்து செடியிலிருந்து காயைப் பறித்து ஆய்ந்துகொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் வேப்ப மர நிழலில் ஒரு கயிற்றுக்கட்டில். அதில் என் கணவர். வாயைத் திறந்துகொண்டு, ஒரு கை கீழே தொங்க, கட்டை போலக் கிடந்தார். குடித்துவிட்டுக் கிடந்த நாட்களில் எப்படி இருப்பாரோ அச்சு அசல் அப்படியே.

ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்து உலுக்கப் போனேன். காய் ஆய்ந்துகொண்டிருந்தவர்களில் ஒரு பெண் சட்டென்று எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். என் வயதுதான் இருக்கும். தோட்டத்துக்காரர் அவர்தான் என்று பிறகு தெரிந்தது.

"எழுப்பீராதீங்கம்மிணி. இப்பத்தான் அசந்திருக்கறாருங்க" என்றார் மெல்ல.

நான் குனிந்து கணவர் முகத்தருகே மோந்து பார்த்தேன். வியர்வை வாசம். கொஞ்சம் மோர் வாசம். வேறு எதுவுமே இல்லை. இன்னொரு தடவை மோந்து பார்த்தேன். இல்லை. அப்படியே கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த அம்மா என் பக்கத்திலேயே உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார். கணவர் ரோட்டிலிருந்து வேகவேகமாக வந்து தண்ணீர் கேட்டாராம். மோர் கொடுத்திருக்கிறார். குடித்துவிட்டு, எந்த ஒளிவும் மறைவும் இல்லாமல், "அக்கா, மண்டபத்துல குடிக்கக் கூப்புடுதாங்க. நான் இப்பத்தான் விட்டுருக்கேன். அங்க நின்னா குடிச்சிருவேன். கொஞ்ச நேரம் இங்கன உக்காந்துக்கிடட்டுமா?" என்று கேட்டாராம். முன்பின் தெரியாத ஒருவரிடம்! அந்த அம்மாவும் கட்டிலைக் காட்டியிருக்கிறார். பேசிக்கொண்டே இருந்த கணவர் பேச்சு பாதியில் நிற்கச் சாய்ந்துவிட்டாராம்.

"போறவங்க வாறவங்க எல்லாம் குடிகாரன எதுக்கு உள்ள உட்டீங்கன்னு கேட்டாங்க. அவரு என்ர கிட்டச் சொல்லீட்டுத்தானுங்க படுத்தாருன்னு சொல்லி அனுப்பிச்சுட்டேன்" என்றார்.

அப்போதுதான் கவனித்தேன். அத்தனை பெண்கள் உட்கார்ந்து வேலை செய்கிற இடத்தில் சத்தமே இல்லை. ஒருத்தியின் போனில் பாட்டு ஓடிக்கொண்டிருந்ததாம். அதையும் நிறுத்தச் சொல்லியிருக்கிறார். காயை ஏற்ற வந்த டிராக்டரை வேலிக்கு அந்தப் பக்கமே நிறுத்திவிட்டார்கள். யாரோ ஒரு வெளியூர்க்காரர் தூங்குகிறார் என்பதற்காக ஒரு களமே குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தது.

பகலில் தூங்கக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. ஆனாலும் எழுப்ப மனம் வரவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கக் கூச்சமாக இருந்ததால் நானும் அந்தப் பெண்களோடு உட்கார்ந்து காய் ஆய ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் கண் சொக்கியது. தோட்டத்துக்காரம்மா பார்த்துவிட்டு ஒரு சாக்கை விரித்துப்போட்டார். "நீங்களும் செத்த சாய்ங்கம்மிணி. அவரு எந்திரிச்சா நான் பாத்துக்கறேன்." மறுக்கத்தான் நினைத்தேன். "நான் பாத்துக்கறேன்" என்று என்னிடம் யாரும் சொல்லி எவ்வளவோ காலமாகியிருந்தது. சாய்ந்தது மட்டும்தான் தெரியும்.

கண் விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கட்டிலைப் பார்த்தேன். காலி. எழுந்து திரும்பினால், கடலைச் செடிக் குவியல் பக்கத்தில், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு என் கணவர் காய் ஆய்ந்துகொண்டிருந்தார். ஏதோ கேட்ட ஒரு பெண்ணிடம், "மெல்லப் பேசுங்கக்கா, அவ தூங்கட்டும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் விழித்ததைப் பார்த்ததும் எழுந்து வந்தார். "நான் குடிக்கல புள்ள" என்றார்.

"தெரியும்" என்றேன். அவர் என் தலைமுடியில் ஒட்டியிருந்த கடலை இலைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது தோட்டத்துக்காரம்மா ஒரு பை நிறையப் பச்சைக் கடலைக்காயைக் கொடுத்தார். நாங்கள் ஆய்ந்ததற்குக் கூலி என்று சொல்லிச் சிரித்தார். எங்கள் பேரைக்கூடக் கேட்கவில்லை.

அந்த ஒரு பகலோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். அன்று ராத்திரி அவருக்குச் சுத்தமாகத் தூக்கம் வரவில்லை. அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது அன்று பகலில் தூங்கியதை டாக்டரம்மாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னோம். அவர் சிரித்துவிட்டு, "ஒருநாள்தானே, போகட்டும். பழக்கமாக்கிக்காதீங்க" என்றார். பிறகும் கெட்ட இரவுகள் நிறைய வந்தன. ஆனால் அவருக்கு ஒரு தைரியம் வந்திருந்தது. குடிக்காமலே அசந்து தூங்க முடியும் என்று உடம்பு ஒருமுறை காட்டிவிட்டதே! கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கம் நீண்டது. கனவுகள் குறைந்தன. மழைக்காலம் முடிந்து குளிர் வந்தபோது மறுபடியும் கட்டிங் டேபிளுக்குப் போனார். கதவைப் பூட்டிச் சாவியை வைத்துக்கொள்வதை எப்போது விட்டேன் என்று எனக்கே நினைவில்லை.

மகள் முழுப் பரீட்சையில் பாஸானபோது ஸ்வீட் வாங்கிக்கொண்டு மூன்று பேரும் அந்தத் தோட்டத்துக்குப் போனோம். அந்த அம்மாவுக்கு எங்களை உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. குடியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "இப்ப நல்லாத் தூங்கறீங்களாங்க?" என்று மட்டும் கேட்டார். "தூங்குறோம்க்கா" என்றார் என் கணவர், என்னையும் சேர்த்து.

அவர் சொன்ன வார்த்தையை முதலில் நம்பியது கட்டிய மனைவியான நான் அல்ல, யாரோ ஒருவர்தான். ஆனாலும் அதில் எனக்கு வருத்தமில்லை. என்னிடம் நம்பிக்கை தீர்ந்துபோயிருந்த ஒரு மத்தியானத்தில் அதை எனக்காகவும் ஒருவர் வைத்திருந்தார் என்பதால்தான், இன்றும் ரோட்டோரம் யாராவது அசந்து கிடந்தால் என்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போக முடிவதில்லை.