புளுகம் என்றால் பொய் இல்லை, ஐயா

இன்று காலை இங்கே, யூதர்களின் யிடிஷ் மொழியில் உள்ள "குவெல்" என்ற சொல்லுக்குப் "புளுகம்" என்று எழுதினேன். உடனே ஒரு சென்னை அன்பர், "புளுகுன்னா பொய்தானேம்மா?" என்று திருத்த வந்துவிட்டார்.

இல்லை ஐயா! யாழ்ப்பாணத்தில் புளுகம் என்றால் உள்ளே அடங்காத மகிழ்ச்சி.

எழுபதுகளில் மெல்பேர்னில் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை செய்தேன். பக்கத்து மெஷினில் ரோசா, போலந்திலிருந்து வந்த யூதப் பெண். இரவு வகுப்புக்குப் போய் ஆசிரியர் பரீட்சையில் நான் பாஸ் பண்ணியதை அவரிடம் மட்டும் மெல்லச் சொன்னேன்.

ரோசா கதிரையில் ஏறி நின்று எல்லோருக்கும் கேட்கக் கத்தினார். மெஷின்கள் நின்றன. சூப்பர்வைசர் முறைத்தார்.

"இறங்குங்கோ ரோசா! நான் பெருமையடிக்கிறன் எண்டு நினைக்கப்போகினம்" என்று அவருடைய பாவாடையைப் பிடித்து இழுத்தேன்.

"நீ பெருமையடிக்கேல்லை. நான் குவெல் பண்ணுறன். என்ர தங்கச்சியும் ரீச்சராக ஆசைப்பட்டவள். யுத்தம் அவளை விடேல்லை. இண்டைக்கு என்னைத் தடுக்காதை."

பாவாடையை விட்டேன். அவர் இன்னும் பலமாகக் கத்தினார். கடைசியில் சூப்பர்வைசரும் கை தட்டினார்.

அன்று வீட்டில் என் கணவர் சொன்னது இவ்வளவுதான்: "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை, நாவூறு படும்."

அடுத்தவரின் வெற்றியில் இப்படிப் பொங்குவதற்கு உங்கள் ஊரில் என்ன சொல்? கீழே எழுதுங்கள். "பெருமை" என்று மட்டும் எழுதினால் சண்டைக்கு வருவேன்.