காய்ச்சலுக்குக் கை கேட்ட காலை

ஆஸ்பத்திரியில் என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் போன வாரம் தேநீர் வேளையில் சொன்னார்: "ஓட்டு வரப் போவுது. கூட்டம் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் ஜெயிக்கும். அதுக்கு மேல அரசியல் சட்டம்னு ஒரு புத்தகம் என்னாத்துக்குலா?" சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். எனக்கு வந்த கோபத்தில் அங்கே பேச முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

சப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலத்தில் கோலா கிளாவாங் போகும் பாதையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் மருந்தறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செரம்பானில் தாதிப் பயிற்சி முடித்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. தோட்டத்தில் என்னை 'மிஸ்ஸி' என்று கூப்பிடுவார்கள். வெள்ளைக்காரத் துரை ஓடிவிட்டார். மருந்து கொடுக்கும் டிரெசரும் ஒருநாள் காணாமல் போனார். மருந்தறையில் மிஞ்சியவற்றைப் பட்டியல் போட்டேன்: தெர்மாமீட்டர் ஒன்று, நோயாளிப் பதிவேடு ஒன்று, அயோடின் முக்கால் போத்தல், துணிச்சுருள் நான்கு. மலேரியாவுக்குக் கொடுக்கும் கொய்னா மாத்திரை இல்லை.

எனக்கு இருந்த ஒரே சொந்தம் அண்ணன். ரப்பர் மரத்தில் பால் வெட்டும் வேலை அவனுக்கு. போருக்குச் சற்று முன்பு வேறு தோட்டத்திலிருந்து வந்த சில குடும்பங்களோடு நாங்களும் வந்திருந்தோம். தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளான நான்கு லயங்களில் கடைசி லயம் எங்களுடையது.

துரை போனபின் ஆட்கள் தாங்களே முடிவெடுக்கத் தொடங்கினார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கூடி, கை தூக்கச் சொல்லி எண்ணுவார்கள். அதற்குக் 'கை கேக்குறது' என்று பெயர். மரவள்ளியை எங்கே நடுவது, கிணற்றில் எந்த லயம் முதலில் தண்ணீர் எடுப்பது, எல்லாம் கை கேட்டுத்தான் முடிந்தன. எனக்கும் பெருமைதான். துரை காலத்தில் எங்களை யார் ஒரு வார்த்தை கேட்டார்கள்?

அப்புறம் சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டுமென்று உத்தரவு வந்தது. கணக்கெழுதும் கிராணி களத்தில் அந்தத் தாளைப் படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "யாரு போறதுன்னு நீங்களே முடிவு பண்ணிக்கலாமாம். எம்மேல பழி வேணாம்."

"அப்ப கை கேட்டுடுவோம்," என்றார் மண்டோர். வேலையை மேற்பார்க்கும் அவருடைய வீடு முதல் லயத்தில். "கடைசி லயத்து ஆம்பளைங்க போவட்டும்ங்கிறவங்க கையத் தூக்குங்க."

மூன்று லயத்துக் கைகளும் உயர்ந்தன. எண்ண வேண்டிய தேவையே இல்லை. முன்னே ஒரு சிப்பாய்கூட நிற்கவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இப்போது எல்லோரும் எல்லாப் பழியையும் துப்பாக்கியின் மேல் போடுகிறார்கள். அந்தக் காலை களத்தில் துப்பாக்கி இல்லை. நாங்கள்தான் இருந்தோம்.

நான் பதிவேட்டை எடுத்துக்கொண்டு முன்னால் போனேன். கடைசி லயத்தில் ஐந்து பேருக்கு மலேரியாக் காய்ச்சல். வீட்டு வரிசைப்படி எழுதியிருந்ததால் அண்ணன் பெயர் நான்காவதாக இருந்தது. நூற்று மூன்று டிகிரி. இவர்களை லாரியில் ஏற்றினால் பிழைக்க மாட்டார்கள் என்றேன்.

"மிஸ்ஸி தன் அண்ணனக் காப்பாத்த லிஸ்ட் போட்டு வந்திருக்கு," என்றார் மண்டோர். சிரித்தார்கள்.

கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது: "அதுக்கும் கை கேட்டுப் பாத்துடுவோமே! காச்சலா இல்லியான்னு!"

கேலிக்குச் சொன்னதுதான். ஆனால் மண்டோர் திரும்பி நின்று உண்மையாகவே கேட்டார். "இவனுங்களுக்குக் காச்சல் இல்லேங்கிறவங்க?"

கைகள் உயர்ந்தன. அன்று விடிந்ததும் தன் பிள்ளையின் கால் புண்ணுக்கு என்னிடம் கட்டுப் போட்டுக்கொண்டு போன பெண்ணும் தூக்கினாள். தெர்மாமீட்டர் என் கையிலேயே இருந்தது. உடம்பின் சூட்டைக் கூட்டத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று எனக்கு எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தரவில்லை.

அண்ணன் சாக்கைப் போர்த்திக்கொண்டு நின்றான். பல் தந்தியடித்தது. "தோட்டமே சொல்லிருச்சு புள்ள, எனக்குக் காச்சல் இல்லியாம். நீதான் சரியாப் பாக்கல," என்றான். லாரியில் ஏற இரண்டு பேர் தூக்கிவிட வேண்டியிருந்தது. அவன் திரும்பவில்லை. சயாம் போய்ச் சேருவதற்கு முன்பே ரயிலில் முடிந்துவிட்டான் என்று சண்டைக்குப்பின் திரும்பி வந்த ஒருவர் சொன்னார்.

சில மாதங்களில் மறுபடியும் ஆள் கேட்டார்கள். இப்போது கடைசி லயத்தில் பெண்களும் பிள்ளைகளும்தான். அடுத்து எந்த லயம் என்று ஒவ்வொருவரும் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார்கள். "கை கேக்குறதுக்கு முன்னாடி, எதுக்கெல்லாம் கை கேக்கக் கூடாதுன்னு எழுதுவோம்," என்றேன். ஒப்புக்கொண்டார்கள். நியாயம் உறைத்துவிட்டது என்று நான் பூசி மெழுக மாட்டேன். பயந்தார்கள், அவ்வளவுதான்.

பதிவேட்டின் பின்பக்கத்தில் எழுதினேன். ஒருவனுக்கு நோயா இல்லையா என்பதற்குக் கை கிடையாது, சோதித்துப் பார்த்தவர் சொல்வதுதான். ஒரு லயத்தை மட்டும் பிரித்து அனுப்பக் கூடாது, எல்லா லயத்துக்கும் ஒரே சீட்டுக் குலுக்கல். பெயர் வந்தவன் பேசி முடிக்கும்வரை யாரும் முடிவு சொல்லக் கூடாது. கடைசியாக, இந்த வரிகளை மாற்ற நான்கு லயமும் சம்மதிக்க வேண்டும். மூன்று சேர்ந்து மாற்ற முடியாது. மசி இல்லாததால் அயோடினில் பெருவிரலைத் தோய்த்துக் கைநாட்டு வைத்தார்கள்.

அந்தத் தாள் சப்பான்காரனைக் கட்டாது என்று எனக்குத் தெரியும். அவன் கேட்ட எண்ணிக்கையில் ஒன்றுகூடக் குறையவில்லை. அது எங்களைக் கட்டுவதற்காக எழுதியது.

சீட்டில் மண்டோர் மகனின் பெயர் வந்தது. அவனுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். வாயில் தெர்மாமீட்டரை வைத்தேன். நூற்று இரண்டு. களத்தில் கடைசி லயத்துப் பெண்கள் கத்தினார்கள். "கை கேளு மிஸ்ஸி! அவனுக்குக் காச்சலான்னு கை கேளு! எங்க ஆளுங்களுக்குக் கேட்டீங்கல்ல?"

கேட்டிருந்தால் அவன் போயிருப்பான். மண்டோரை வெறுக்காதவர்கள் அப்போது தோட்டத்தில் அதிகம் பேர் இல்லை. என் கையும் உயர்ந்திருக்கும். 'போகத் தகுதியில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவனுக்குப் பதிலாக வேறு சீட்டு எடுத்தார்கள்.

மண்டோர் மருந்தறை வாசலுக்கு வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"இந்தத் தாளு அன்னைக்கே இருந்திருந்தா, தங்கச்சி, நான் கையத் தூக்கியிருக்க மாட்டேன்."

"தூக்கியிருப்பீங்க," என்றேன். "ஆனா தாளு இருந்தா அந்தக் கைய யாரும் எண்ணியிருக்க மாட்டாங்க."