புலிக்குக் கேட்ட தட்டுச் சத்தம்

எழுதுகிறேன் என்று உட்கார்ந்ததற்கே முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும். நான் பத்தாவது வரை படித்தவள். ரேஷன் கார்டு மனுவுக்கு மேல் எதையும் எழுதிப் பழக்கமில்லை. விலங்குப் பராமரிப்பு வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்களிடம் நடந்ததைச் சொல்லுங்கள் என்று எங்கள் கால்நடை டாக்டர் கேட்டார். நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதித் தருகிறேன், யாராவது படித்துக் காட்டுங்கள் என்றேன். எழுத்தில் உள்ள தவறைப் பொறுத்துக்கொள்ளுங்கள். வேலையில் நான் செய்த தவறைப் பொறுக்க வேண்டாம். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

1. ரோஸ் மூக்கு

எனக்கு ராஜபாளையம். புலி வேலைக்கு வருவதற்கு முன் பதினாறு வருடம் ஒரு நாய்ப் பண்ணையில் இருந்தேன். எங்கள் ஊர் நாய் என்றால் பால் வெள்ளையாக இருக்க வேண்டும், மூக்கு ரோஸாக இருக்க வேண்டும். வாங்க வருகிறவர்கள் வேறு எதையும் பார்ப்பதில்லை. ஒரு கரும்புள்ளி தெரிந்தால் முகத்தைச் சுளிப்பார்கள். அதனால் பண்ணை முதலாளி நல்ல வெள்ளை ஆண் நாய் ஒன்றை வைத்துக்கொண்டு, அதை அதன் மகளோடும், மகளுக்கு மகளோடும் சேர்ப்பார். "லைன் கெடக் கூடாது" என்பது அவர் பேச்சு.

லைன் கெடவில்லை. குட்டிகளின் காதுதான் கெட்டது. ஒரு ஈற்றில் ஆறு குட்டி என்றால் ஒரு குட்டியாவது செவிடாக இருக்கும். பார்த்தால் தெரியாது. மற்றக் குட்டிகள் ஓடுவதைப் பார்த்துத் தானும் ஓடும். அதனால் நாங்கள் ஒரு வழி வைத்திருந்தோம். குட்டி அந்தப் பக்கம் பார்த்திருக்கும்போது பின்னால் நின்று அலுமினியத் தட்டில் கரண்டியால் இரண்டு தட்டு தட்டுவோம். திரும்பினால் காது கேட்கிறது. திரும்பாவிட்டால் இல்லை.

"ஏட்டி சீனி, அந்தக் கடைசிக் குட்டி என்னாச்சு?" என்று முதலாளி கேட்பார். என் பெயர் சீனியம்மாள்.

"திரும்பல மொதலாளி."

"இன்னொருக்காத் தட்டு."

"நாலு தடவ தட்டிட்டேன்."

"நீ தட்டுத தட்டுல எனக்குக் காது போயிரும் போல. சாலு, சாலு." அவர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், போதும் என்பதற்கு அப்படிச் சொல்வார். பிறகு அந்தக் குட்டியைத் தூக்கி முகத்துக்கு நேராக வைத்துக்கொள்வார். "மூக்கப் பாரு. இம்புட்டு அழகுக்குக் காது எதுக்குட்டி?"

செவிட்டுக் குட்டிகளைச் சும்மா கொடுத்துவிடுவார். அப்படி ஒன்றைத் தெரிந்த வீட்டுக்கு நானே வாங்கிக் கொடுத்தேன். மில் பஸ்ஸின் ஹாரன் அதற்குக் கேட்கவில்லை.

2. பெயர் வைக்காத குட்டி

வத்திராயிருப்புப் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு சோதனை முயற்சிக்காக வனத்துறையினர் பெரிய வேலி போட்டார்கள். வேறொரு ஊர்ப் பூங்காவின் கூண்டில் பிறந்த பெண் புலிக்குட்டியைக் கொண்டுவந்து, மனித முகமே காட்டாமல் வளர்த்து, வேட்டை பழக்கி, காட்டில் விடுவது திட்டம். குட்டி வளர்த்துப் பழகிய ஆள் வேண்டும் என்று தேடி என்னைத் தற்காலிகமாக எடுத்தார்கள். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து, வத்திராயிருப்பு பஸ் மாறிப் போவேன்.

முதல் நாளே டாக்டர் சொன்னார். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், மரியாதையானவர்.

"சீனியக்கா, வளையல் வேண்டாம். பூ வேண்டாம். பவுடர் வேண்டாம். உள்ள பேசக் கூடாது. இருமல் வந்தாக்கூட வெளிய வந்து இருமுங்க."

"சரி சார்."

"பேரு வைக்கக் கூடாது. மனுசன்னா அதுக்குப் பயம் இருக்கணும். பயம் போச்சுன்னா காடும் போச்சு."

பெயர் வைக்கவில்லை. மனதுக்குள் கூட வைக்கவில்லை. அந்த ஒன்றில் சரியாக இருந்தேன்.

எட்டு மாதக் குட்டியாக வந்தது. முதல் ஒரு மாதம் சின்னக் கூண்டில் தனியாக வைத்திருந்தோம். சுற்றிலும் பச்சைத் துணி. அடிக்கதவைக் கயிற்றால் தூக்கி, கறி வைத்த அலுமினியத் தட்டை உள்ளே தள்ள வேண்டும். குட்டி மூலையில் ஒடுங்கிக்கொண்டு இரண்டு நாள் கறியைத் தொடவே இல்லை.

அந்த இரண்டாம் நாள் டாக்டரின் மேசையில் குட்டியின் ரெக்கார்டு இருந்தது. தாய், தகப்பன், அவற்றின் தாய் தகப்பன் என்று கட்டம் போட்டு எழுதியிருந்தார்கள். அப்பா புலிக்கும் அம்மா புலிக்கும் ஒரே தாய்.

"சார், இது எங்க பண்ணையில செய்யுத மாதிரில்லா இருக்கு?" என்று கேட்டேன்.

அவர் தலையசைத்தார். "பூங்காவுல இருக்கிறதே கொஞ்சம்க்கா. அதுக்குள்ளயே மாத்தி மாத்திச் சேர்த்தா இப்படித்தான் ஆகும். அதுக்குத்தான் கண்ணு, இடுப்பு, இதயம் எல்லாம் பாத்துட்டுக் கொண்டுவந்தோம்."

காதை யாரும் பார்த்ததாகச் சொல்லவில்லை. பதினாறு வருடப் பழக்கம் எனக்கு. மூன்றாம் நாள் காலை, குட்டி அந்தப் பக்கம் பார்த்திருப்பதைத் துணி இடுக்கில் பார்த்துவிட்டு, துணிக்குப் பின்னால் நின்று கறித் தட்டில் கொக்கியால் இரண்டு தட்டு தட்டினேன். முதலில் காது திரும்பியது. பிறகு தலை திரும்பியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தட்டை உள்ளே தள்ளினேன். எழுந்து வந்து தின்றது.

மறுநாள் தட்டாமல் தள்ளினேன், வரவில்லை. தட்டினேன், வந்தது. அதன் பிறகு அந்த மாதம் முழுவதும் தட்டித்தான் கறி வைத்தேன். டாக்டர் பார்த்தது காலித் தட்டை மட்டும்தான்.

"என்னக்கா மாயம் பண்ணீங்க? மிச்சமே வைக்க மாட்டேங்குது."

"ஒண்ணுமில்ல சார்" என்றேன். அவர் பாராட்டியதில் வெட்கம் வந்து அப்படிச் சொல்லிவிட்டேன். தட்டியது ஒரு தவறு என்றால், இந்த "ஒண்ணுமில்ல சார்" அதைவிடப் பெரிய தவறு.

3. தூக்குச்சட்டி மூடி

பிறகு குட்டியைப் பெரிய வேலிக்குள் விட்டோம். உள்ளே மரம், பாறை, ஓடை எல்லாம் உண்டு. அதற்கப்புறம் தட்டும் இல்லை, கறியும் இல்லை. முதலில் முயல், பிறகு காட்டுப்பன்றி. தானே துரத்தி, தானே கழுத்தைப் பிடிக்கப் படித்தது. இரண்டு வருடத்தில் முழுப் புலியாகிவிட்டது. கேமராவில்தான் பார்ப்போம். ஆள் வாடை பட்டால் பாறைக்குப் பின்னால் போய்விடும். டாக்டருக்கு முகமெல்லாம் சிரிப்பு. காட்டில் விட நாள் குறிக்கும் அளவுக்கு வந்தாயிற்று.

வேலிக்கு வெளியே புதிதாக ஒரு தண்ணீர்க் குழாய் போட்டிருந்தார்கள். ஒரு நாள் சாப்பிட்டுவிட்டு அங்கே போய்த் தூக்குச்சட்டியைக் கழுவினேன். ஈரம் போக மூடியைக் கல்லில் இரண்டு தட்டு தட்டினேன். எல்லாப் பெண்களும் செய்வதுதான்.

வேலியில் மறைப்புக்குக் கட்டியிருந்த பச்சை வலைக்கு அந்தப் பக்கம் சருகு நொறுங்கியது. வலையின் கிழிசல் வழியாகப் பார்த்தேன். புலி உட்கார்ந்திருந்தது. கூண்டில் அடிக்கதவுக்கு முன்னால் எப்படி உட்காருமோ, அப்படி. தலையைத் தாழ்த்தி, கதவு திறக்கும் இடத்தைப் பார்ப்பதுபோல வேலியின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் வேலியின் மேற்குப் பக்கம் போய், வேறொரு எவர்சில்வர் மூடியை வைத்துத் தட்டினேன். வந்தது. அதற்கடுத்த நாள் அதே இடத்தில் தட்டாமல் நின்றேன். வரவில்லை.

நான்கு நாள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது சாகும்வரை கூண்டுதான். என்னால்தான் என்று ஆகும். காட்டுக்குள் போனால் மறந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

4. கூமாப்பட்டித் தோப்பு

என் தங்கை முனீஸ்வரியைக் கூமாப்பட்டியில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். தென்னந்தோப்பு வேலைக்குப் போகிறாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவளோடு தோப்புக்குப் போனேன். தோப்பு முடியும் இடத்தில் மலை ஆரம்பிக்கும். மதியம் ஆனது. பெண்கள் ஆளுக்கொரு பக்கம் மட்டை பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். முனீஸ் தூக்குச்சட்டியைத் திறந்தாள். மூடியைக் கிணற்றுக் கல்லில் இரண்டு தட்டு தட்டினாள்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "என்னட்டி செய்யுத?"

"என்ன செய்யுதேன்? இவளுகளச் சாப்பிடக் கூப்பிடுதேன். தொண்ட கிழியக் கத்தச் சொல்லுதியா? ரெண்டு தட்டு தட்டுனா எங்க கெடந்தாலும் வந்துருவாளுக."

"தெனமுமா?"

"தெனமுந்தான். என்னக்கா, மூஞ்சி வெளுத்துப் போச்சு?"

பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். என் முன்னால் சோறு இருந்தது. கை வைக்க முடியவில்லை.

"பாரு, புலிக்குக் கறி போட்டுப் போட்டு நம்ம புளிக்கொழம்பு எங்கக்காவுக்கு எறங்கல" என்றாள் முனீஸ். எல்லாரும் சிரித்தார்கள். நான் மரங்களுக்கு நடுவே, புலியை விடப் போகும் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்து கிணற்றுக் கல் வரை வேலி என்று ஒன்றும் கிடையாது.

சொல்லிவிட வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

5. பிரிக்காத சால்வை

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் வனத்துறை ஆபீசில் கூட்டம். விடுவிக்கும் உத்தரவில் பெரிய ஆபீசர் கையெழுத்துப் போடும் நாள். எனக்கும் சால்வை போடப் போவதாக டாக்டர் வரச் சொல்லியிருந்தார். கூட்டம் முடியும்வரை வெளியே பெஞ்சில் இரு என்றார்கள். உட்கார்ந்தேன். ஆபீசர் பேனா மூடியைத் திறப்பது கதவு வழியாகத் தெரிந்ததும் உள்ளே போனேன்.

"என்னம்மா? கூப்பிடும்போது வரலாம்" என்றார் ரேஞ்சர்.

"சார், அதை விடக் கூடாது சார்." அதற்கு மேல் வரவில்லை. நாக்கு ஒட்டிக்கொண்டது. பையிலிருந்த தூக்குச்சட்டி மூடியை எடுத்து மேசையில் இரண்டு தட்டு தட்டினேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "இதுக்கு வரும் சார்" என்றேன். அதன் பிறகு பேச்சு வந்தது. முதல் மாதத்தில் செய்தது, குழாயடியில் பார்த்தது, நான்கு நாள் மறைத்தது எல்லாவற்றையும் சொன்னேன்.

டாக்டர் என்னைப் பார்க்கவில்லை. "ரெண்டு வருசம்க்கா" என்றார். "ஏன் அன்னைக்கே சொல்லல?"

"தப்புன்னு தெரியல சார். காது கேக்குதான்னு பாத்தேன்."

ரேஞ்சர் குரலைத் தாழ்த்தினார். "காட்டுக்குள்ள நாலு மாசம் இருந்தா எல்லாம் மறந்துரும்மா. இதையெல்லாம் பேப்பர்ல ஏத்தணுமா?"

"ரெண்டு வருசமா மறக்கல சார். கூமாப்பட்டித் தோப்புல என் தங்கச்சி தெனமும் தட்டுதா. நீங்க எழுதலன்னா நான் எழுதித் தாரேன்."

பெரிய ஆபீசர் பேனாவை மூடினார். சாயங்காலம் எல்லாரும் வேலிக்குப் போனோம். என்னைத் தூரத்தில் நிற்கச் சொல்லிவிட்டு, ஆபீசரே மூடியைத் தட்டினார். கொஞ்ச நேரத்தில் புலி வந்து வேலியடியில் உட்கார்ந்தது. டாக்டர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பூங்காவுக்கே திருப்பி அனுப்புவதென்று முடிவாயிற்று. டாக்டர் ஜீப்பின் பானெட்டில் ஃபாரத்தை வைத்து எழுத ஆரம்பித்தார். நான் பக்கத்தில் போனேன்.

"சார், அங்க ஆண் புலி இருக்கா?"

"ஒண்ணு இருக்கு."

"அதுக்குத் தாய் எது?"

அவர் எழுதுவதை நிறுத்தினார். "இதோட அம்மாதான்."

"அப்ப, ரெண்டையும் சேக்கக் கூடாதுன்னு எழுதுங்க சார்."

"அது அவங்க முடிவு பண்றது அக்கா."

"நீங்க எழுதுனா அவிய படிப்பாவ. எழுதுங்க. நான் இங்கயே நிக்கேன்."

அவர் எழுதி, கீழே கோடும் போட்டார். சால்வை பிரிக்காமலே ஆபீஸ் மேசையில் இருந்திருக்க வேண்டும். நான் திரும்பிப் போய்க் கேட்கவில்லை.

புதிதாக வந்திருக்கும் உங்களுக்குச் சொல்ல எனக்கு ஒன்றுதான் தெரியும். கூண்டில் பிறந்த உயிருக்கு வேட்டையைப் படிக்க வைத்துவிடலாம். தெரியாமல் நாம் படிக்க வைத்ததை அழிக்க முடியாது. ரத்தத்தில் கெட்டதையும் அழிக்க முடியாது. நான் அதற்குக் காது கேட்க வேண்டும் என்று நினைத்தேன். கேட்டது, அதுவே அதற்குக் கேடாயிற்று. அதனால் உத்தரவில் இல்லாத எதையாவது செய்தால், அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அன்றைக்கே நோட்டில் எழுதுங்கள். டாக்டர் என்ன செய்தாய் என்று கேட்டால், ஒண்ணுமில்ல சார் என்று சொல்லாதீர்கள்.

திருப்பி அனுப்ப முடிவான மறுநாள் காலை புலியைச் சின்னக் கூண்டுக்கு மாற்ற வேண்டியிருந்தது. மயக்க ஊசி போட வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். பழைய கறித் தட்டை ஸ்டோரிலிருந்து எடுத்துவந்து என்னிடம் கொடுத்தார். துணிக்குப் பின்னால் நின்று இரண்டு தட்டு தட்டினேன். வந்து ஏறியது. டாக்டர் கதவை இறக்கினார். தட்டியதையும் நேரத்தையும் நோட்டில் எழுதினேன். மணி பதினொன்று பத்து.